காது நுனியில் ஒரு துளி

எழுபதுகளில், காஞ்சிபுரத்தில் கால்நடை மருத்துவனாக, ஆடுகளைத் தாக்கும் உண்ணிக் காய்ச்சலை ஆராய்ந்துவந்தேன். பக்கத்து மாகறல் கிராமத்தில் முனியம்மா வளர்த்த ஆடுகள் சிவந்த சிறுநீர் கழித்து, ஒவ்வொன்றாகச் செத்தன. கழுத்து இரத்தக்குழாயில் எடுத்த மாதிரியில் கிருமி தென்படவில்லை. விஷச்செடியே காரணம் என்று எழுதிவிட்டேன்.

"காய்ச்சல் ஆட்டுக்கு நாங்க காதைத்தான் கீறுவோம். அங்க ரத்தம் எடுத்துப் பாரு டாக்டரே," என்றாள் முனியம்மா.

"நீ எந்தக் காலேஜில் படித்தாய்?" என்றேன்.

"மேய்ச்சக்காட்டு காலேஜுப்பா. ஆடு செத்துக்கினே கீதே, அதுக்கு இன்னா சொல்ற?"

வீடு திரும்பியும் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள், அவளிடம் எஞ்சியிருந்த ஒரே ஆட்டின் காது நுனியில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். இரத்த அணுக்களுக்குள் கிருமிகள் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தன; கழுத்தின் பெரிய குழாயில் அகப்படாதவை காதின் நுண்குழாய்களில் திரண்டிருந்தன. மருந்து கொடுத்தேன், அந்த ஓர் ஆடு பிழைத்தது.

ஆய்வறிக்கையில் அம்முறையை என் சொந்த யோசனையென்று எழுதிப் பாராட்டும் பெற்றேன். முனியம்மாவின் பெயரை நான் எழுதுவது இதுவே முதல் முறை.