சத்தமில்லாமல் வந்த லாரிகள்

மில்லுக்கார அக்காவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மாவு மில்லின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். அவள் இங்கே "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும். ஒருமுறை அவள் தும்மியதில் எதிர்வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் ஓடவில்லை.

குரல்தான் அப்படி. ஆள் சரியான பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், யாராவது கதவைத் தட்டினால் பயம். எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுக்காரர். அவரைக் கண்டு அல்ல, அவரை நினைத்து. பஸ் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இருந்தும் காலையில் சந்து முனை டீக்கடைக்குத் தனியாகத்தான் போவார். கூட வருகிறேன் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஓடற பஸ்ல கம்பியப் புடிக்காம டிக்கெட் கிழிச்சவன்டி நான். அசையாத ரோட்டுல நடக்கத் தெரியாதா?"

சந்தின் உள்கோடியில் கிடந்த காலி மனையை ஒருவர் வாங்கி, லாரிகளை நிறுத்த ஆரம்பித்ததில் தொடங்கியது வினை. உள்ளே திருப்ப இடமில்லை. ஒவ்வொரு லாரியும் பெரிய ரோட்டிலிருந்து மில் வாசல் வழியாகப் பின்பக்கமாகவே வரும். வரும்போதெல்லாம் ரிவர்ஸ் ஹாரன் கீ கீ என்று காதைத் துளைக்கும். அக்காவும் பக்கத்து வீட்டு டீச்சரும் சேர்ந்து நகராட்சியில் புகார் கொடுத்தார்கள். குடியிருப்புப் பகுதியில் லாரிக்கு என்ன வேலை என்று கேட்டார்கள்.

அதிகாரி வந்தார். லாரி முதலாளி சும்மா இருப்பாரா? "இந்தம்மா மில்லு மட்டும் தாலாட்டா பாடுது சார்?" என்றார். அதிகாரி இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு உத்தரவு போட்டார். சத்தம் இல்லாவிட்டால் லாரிகள் இருக்கலாம். சத்தம் வந்தால் காலி செய்ய வேண்டும்.

முதலாளி ஒரே நாளில் எல்லா லாரிகளிலும் ரிவர்ஸ் ஹாரன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். டீச்சர் ஆனந்தமாகத் தூங்கினாள். அக்காவும் தூங்கினாள், ஒரே ஒரு இரவு.

மறுநாள் காலை மாவு சலித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சுவர் நகர்ந்து போனது. மில் இரைச்சலில் எஞ்சின் சத்தம்கூடக் கேட்கவில்லை. லாரியின் முதுகு என்று புரிந்ததும் சல்லடையைப் போட்டாள். வெளியே ஓடினாள். லாரி பின்பக்கமாக வரும் வழியிலேயே தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார் வீட்டுக்காரர். சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பொத்தான் தெறித்தது.

"ஏன்டி இப்படி இழுக்கற? சத்தம் கேட்டா நானே ஒதுங்க மாட்டேனா?"

"அதாங்க, இனிமே சத்தமே கேக்காதுங்களே!"

அவள் முதலாளியிடம் ஓடினாள். "நீங்க கேட்டதத்தானேம்மா செஞ்சேன்? ஹாரனத் திரும்ப மாட்டினா நாளைக்கே என்னைக் காலி பண்ணச் சொல்லுவாங்க" என்றார். டீச்சரிடம் போனாள். "உங்க வீட்டுக்காரர நாலு நாள் வீட்ல இருக்கச் சொல்லுங்களேன்" என்றாள் டீச்சர். அதைப் போய் அவரிடம் சொன்னதற்கு, "என்னைப் பூட்டி வெக்க நான் என்ன உன் நகையா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வேறு வழி தெரியவில்லை. லாரி சந்துக்குள் நுழைகிறபோதெல்லாம் அக்கா மில்லை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னால் போய் நின்றாள். பல்லியைக் கண்டு கட்டிலில் ஏறுகிறவள், யானை மாதிரி நகரும் இரும்பின் பின்னால் நின்று, "லாரி வருது! ஒதுங்கு! ஒதுங்கு!" என்று கத்தினாள். சாப்பாடு இறங்கவில்லை. "ஹாரனே தேவலாம் போல" என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

கத்திக் கத்தி ஒருநாள் காலை தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து லாரி நுழைந்தது. பழக்க தோஷத்தில் பின்னால் போய் நின்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. லாரி வந்துகொண்டே இருந்தது. அவள் பின்வாங்கினாள், சந்து வளையும் இடத்தில் முதுகில் மதில் சுவர் இடித்தது. ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் லாரியின் சக்கரம். பதறிப்போய் இரண்டு கையாலும் லாரியின் பலகையில் படபடவென்று தட்டினாள்.

அதுதான் தப்பு. கிளீனர் பையன்கள் அப்படித்தான் தட்டுவார்கள், "இடம் இருக்கு, வரலாம், வரலாம்" என்று. டிரைவர் இன்னும் தைரியமாக வந்தார்.

அப்போது டீக்கடைப் பக்கமிருந்து ஒரு விசில் கிளம்பியது. நாக்கை மடித்து அடித்த ஒற்றை விசில். பஸ்ஸோ லாரியோ, ஒற்றை விசில் கேட்டால் டிரைவரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போனது. லாரிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாக்குப் பை நுழையும் இடம்தான் மிச்சம்.

வீட்டுக்காரர் சுவரைத் தடவிக்கொண்டே வந்து சேர்ந்தார். "தட்டற சத்தம் கேக்குது, உன் சத்தத்தக் காணோம். அப்பவே எனக்குத் திக்குனு ஆயிடுச்சு" என்றவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. மாவா, பயமா என்று யாருக்கும் தெரியவில்லை.

டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து நேராக முதலாளியிடம் போனார். "ஒயர மாட்டு. இல்லன்னா சாவியப் புடி, வேற ஆளப் பாரு." மற்ற டிரைவர்களும் சாவியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா ஹாரனும் மறுபடி கத்தின.

டீச்சருக்கு உள்ளூரச் சந்தோஷம். "உத்தரவ மீறிட்டாரு, இனி காலி பண்ணித்தான் ஆகணும்" என்று அன்றைக்கே புது மனு கொடுத்தாள். அதை விசாரிக்க அதிகாரி இன்னும் வரவில்லை.

அக்கா இப்போது வீட்டுக்காரர் வெளியே கிளம்பியதும், ஹாரன் காதில் விழுவதற்காக மில் மோட்டாரை நிறுத்திவிடுகிறாள். கீ கீ என்று கேட்கிறவரை மூச்சு சீராக இருக்கும். அந்தச் சத்தம் நின்றால், மறுபடி ஒயரைப் பிடுங்கிவிட்டார்களோ என்று வாசலுக்கு ஓடுவாள்.

"அக்கா, என் மாவு பாதியில நிக்குதே!" என்றாள் நேற்று வந்த ஒருத்தி.

"இருடி. சத்தம் நின்னுடுச்சு. அவரு வீட்டுக்குள்ள வரட்டும்."