சத்தமில்லாமல் இறங்கிய வண்டி

மலையூரான பூண்டியில் சிவமுருகன் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். டீ ஆறும்வரைகூடப் பொறுக்க மாட்டான். பாதியைத் தரையில் ஊற்றிவிட்டு கேரட் காட்டுக்குக் கிளம்பிவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு நாற்பது வயதில் ரத்தக்கொதிப்பு வந்தது. கொடைக்கானல் டாக்டரம்மா, "தினமும் ஓடுங்க. ஆனா பேசிக்கிட்டே ஓடுற வேகம்தான் உங்களுக்கு. துடிப்பு நூத்தி நாப்பதத் தாண்டக்கூடாது" என்றார். அவன் மனைவி தமிழ்மதி அன்றைக்கே ஒரு வாட்ச் வாங்கி அவன் கையில் கட்டிவிட்டாள். துடிப்பு எல்லை தாண்டினால் அது மணிக்கட்டில் அதிரும். தமிழ்மதியின் அப்பா காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். இன்னொருவரை அப்படித் தூக்கி வரும் தெம்பு அவளுக்கு இல்லை.

ஆனால் மலையூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். நாலு எட்டு ஓடுவதற்குள் வாட்ச் அதிரும், நின்று நடக்க வேண்டும். தலையில் கூடையோடு ஊர்க்கிழவி அழகம்மாள் அவனைத் தாண்டிப் போவாள். "என்னப்பா, எதையும் தொலைச்சிட்டுத் தேடுறியா? நானும் சேந்து தேடவா?" அவனுக்கு மானம் போயிற்று.

மெதுவாகப் போகத் தெரியாதவனுக்குக் குறுக்குவழி தானாகத் தெரிந்துவிடும். இறக்கத்தில் ஓடினால் எவ்வளவு வெரசாகப் போனாலும் வாட்ச் வாயைத் திறப்பதில்லை! அன்றிலிருந்து காலையில் ரோட்டோடு கீழ்நோக்கி ஓடுவான். தமிழ்மதி கேரட் மூட்டைகளை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, கீழே நிற்கும் லோடு லாரிக்குக் கொண்டுபோவாள். திரும்பும்போது காலி வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். வண்டியிலும் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

"எதுக்க வர்ற வண்டியப் பாத்து வலது பக்கமா ஓடுங்க. முதுகக் காட்டிக்கிட்டு ஓடாதீங்க" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்தாள்.

"நம்மூரு வண்டி ஒவ்வொண்ணோட சத்தமும் எனக்குப் பாடம். ரெண்டு வளைவுக்கு அந்தப்பக்கம் வந்தாலே யாருன்னு சொல்லிருவேன்."

அதில் பொய் இல்லை. உண்மையாகவே சொல்லிவிடுவான். ஆனால் அவனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, அந்த மலையில் பாதிப் பேருக்கு இருக்கும் பழக்கம்தான்: இறக்கத்தில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருட்டி இறக்குவது. டீசல் மிச்சமாம். தமிழ்மதிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தான். அவள் பயந்துகொண்டு இன்ஜினை அணைக்காமல் கியரிலேயே இறக்கி வந்தாள். போன வாரம் அதற்காகச் சத்தம் போட்டிருந்தான்.

அன்று மேகம் ரோட்டிலேயே படுத்துக் கெடந்தது. லாரிக்காரன் அவசரப்படுத்த, தமிழ்மதி வழக்கத்தைவிட வெள்ளனே கிளம்பிவிட்டாள். அவள் இன்னும் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து இவன் வாட்சைப் பார்த்தபடி ஓடினான். நூற்றுப் பதினைந்து. பரம திருப்தி.

பின்னால் சத்தமே இல்லை. பக்கக் கண்ணாடி தோளில் இடித்த பிறகுதான் வண்டி தெரிந்தது.

ஓரத்து மண்ணில் போய் விழுந்தான். அவன் சொன்னபடியே அன்று இன்ஜினை அணைத்து உருட்டி வந்த வண்டியில் பிரேக் கல்லாக இறுகியிருந்தது. தமிழ்மதி இரண்டு காலாலும் மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து, அடுத்த வளைவை ஒட்டி நிறுத்தினாள். சிவமுருகன் தன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கதவைத் திறந்தான். அவள் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஒண்ணுமில்ல மதி, சிராய்ப்புதான்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்ச் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இப்ப அடிச்சுக்குது பாருங்க. நான் பின்னால வந்தப்ப அடிச்சுச்சா? உங்களக் காப்பாத்தத்தான வாங்கிக் கட்டுனேன். நானே ஏத்திக் கொன்னுருப்பேனே!"

அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. சுற்றிப்போய் அவள் பக்கத்தில் ஏறி, வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டினான். கட்டியதும் அங்கேயும் அதிர்ந்தது.

லாரிக்காரனிடமிருந்து போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. சிவமுருகன் எடுக்கவில்லை.

"போயிருவான், எடுங்க" என்றாள்.

"போகட்டும். உன் துடிப்பு நூத்தி நாப்பதுக்குக் கீழ எறங்கட்டும். அப்புறம் கியருல போவோம்."

அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கால் ஆடவில்லை.