சந்தனம் பூசிய ஷாக் பெட்டி

சாந்தா அண்ணியை யாராவது தெய்வப் பிறவி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் தெருவில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். புருஷன் சாவுக்குக் காரணமான ஆளையே பிழைக்க வைத்தவளாம், பெரிய மனசாம், அப்படி ஒரு பொறுமையாம். மண்ணாங்கட்டி. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் சுப்ரியா. அண்ணியின் புருஷன் தேவராஜ் என் கூடப்பிறந்த ஒரே அண்ணன். எங்கள் அப்பா ராணுவத்தில் இருந்தவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்றதும் சைனிக்புரியில் மனை வாங்கிப் போட்டார். அண்ணி குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். வந்த புதிதில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அவ்வளவு கூச்சம். இன்று அதே அண்ணி கச்சிபௌலியில் ஐந்து மாடி ஆபீசையே அதட்டுகிறார் என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் பெயர் சாரங்கபாணி. மன்னார்குடிக்காரர். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் அதிகாரியாக இருந்துவிட்டு, ஐ.டி. கம்பெனிகள் முளைத்த காலத்தில் அண்ணன் வேலை பார்த்த கம்பெனிக்கு நிர்வாகப் பொறுப்பாளராக வந்தார். கட்டடம், கேன்டீன், கார், காவல் எல்லாம் அவர் கையில். கெட்டவர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் ஆற அமரத் திட்டித் தீர்த்திருக்கலாம். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். பக்தியும் அதிகம். வருஷா வருஷம் ஆயுத பூஜையை ஆபீசில் தடபுடலாக நடத்துவார். பிரின்டர், காபி மெஷின், லிஃப்ட் பொத்தான் என்று ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்.

2006இல் அந்த ஆபீசுக்கு ஒரு ஷாக் பெட்டி வந்தது. அமெரிக்காவில் இருந்த வாடிக்கையாளர் கம்பெனி கேட்டதால் வாங்கினார்கள். திடீரென்று இதயம் நின்று விழுந்தவருக்கு நெஞ்சில் இரண்டு பேடு, அதாவது பசைத் தகடு, ஒட்டினால், அந்தப் பெட்டியே பார்த்து, தேவைப்பட்டால் ஷாக் கொடுத்து இதயத்தை ஓட வைக்கும். கேன்டீன் சுவரில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். எப்படிப் பயன்படுத்துவது என்று காவல்காரர்களுக்கு மட்டும் ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு மறந்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து, தீபாவளி நெருங்கிய சமயம். அண்ணன் கேன்டீனில் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பியவர் அப்படியே விழுந்தார். பெட்டி இருந்தது பத்தடி தள்ளி. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி அழவில்லை. துணியை விலக்கி அண்ணனின் நெஞ்சைத் தடவினார். வலது தோள் எலும்புக்குக் கீழே சந்தனம் தேய்ந்த கறை. இடது விலாவில் குங்குமம்.

"இது யார் வெச்சாங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. யாரோ கோயில் பிரசாதம் பூசியிருப்பார்கள் என்று நினைத்தோம். சாரங்கபாணி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பகவான் கூப்பிட்டா யார் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

கம்பெனி இரக்கப்பட்டு அண்ணிக்கு வரவேற்பு மேசையில் வேலை கொடுத்தது. சேர்ந்த சில மாதங்களில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க ஆள் வந்தார். ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, "ஒரு பேடு வலது தோள் எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது விலாவில்" என்று ஒட்டிக் காட்டினார். அண்ணி எழுந்து நின்றுவிட்டார். வெளியே போய், காவல் மேற்பார்வையாளர் சூசைராஜை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர் அவர்தான்.

சூசைராஜ் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "ஹவ் மேடம், ஆமா, நான்தான் ஒட்டினேன். ஒட்டவே இல்ல. காஞ்ச அப்பளம் மாதிரி இருந்துச்சு. மேல பூரா சந்தனம், குங்குமம். கையால அழுத்திப் பிடிச்சுப் பாத்தேன். பேடை ஒட்டு, பேடை ஒட்டுன்னு மெஷின் சொல்லிட்டே இருந்துச்சு."

பூஜை அன்று பேடு இருந்த பாக்கெட்டைக் கிழித்தவர் சாரங்கபாணி. உள்ளே இருக்கிற ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் கவருக்கு வைத்தால் அது என்ன பூஜை என்றாராம். பொட்டு வைத்து, பூத்தூவி, திரும்ப உள்ளே போட்டு, செல்லோ டேப் ஒட்டி வைத்துவிட்டார். பேடில் ஒரு பசை உண்டு. பாக்கெட்டைத் திறந்தால் அது காய்ந்துபோகும். அவருக்கு அது தெரியாது. பச்சை விளக்குக்கும் தெரியவில்லை, அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் செத்த அன்றே சாரங்கபாணி பழைய பேடைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். மெஷின் நன்றாக வேலை செய்தது, ஆளைத்தான் காப்பாற்ற முடியவில்லை என்று மேலே சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று சூசைராஜுக்கு மிரட்டல் வேறு.

அண்ணி நேரே அவர் அறைக்குப் போனார். "சார், பேடு பாக்கெட்டைக் கிழிச்சது நீங்கதானே?"

"யாரும்மா சொன்னது? மெஷின் நல்லாத்தான் இருந்தது. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. தேவராஜுக்கு விதி அவ்வளவுதான்."

அன்று வீட்டுக்கு வந்து அண்ணி சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது சுப்ரியா. ஆனா பொழைக்க ஒரு வழி இருந்துச்சு. அதை அடைச்சவரு விதின்றாரு. தெரியாம செஞ்சதைக்கூட விட்டுடுவேன். விதின்னு சொன்னாரு பாரு, அதை விடமாட்டேன். நான்தான் செஞ்சேன்னு அவரு வாயால எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

போலீசுக்குப் போகலாம் என்றேன். பேடு குப்பைக்குப் போய்விட்டது, சூசைராஜுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவரை இழுக்க வேண்டாம் என்றார். அதற்கப்புறம்தான் அந்த ஷாக் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி மேலிடத்தில் கேட்டார். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை, தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சாரங்கபாணி மட்டும், "பாவம், அவளுக்கு எதுக்கு அந்த வேலை?" என்று தடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் அவருக்கு. அண்ணி மாடிக்கு ஒரு பெட்டி வாங்க வைத்தார். வாரா வாரம் ஒவ்வொன்றையும் திறந்து, பேடு பாக்கெட் பிரியாமல் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பார்ப்பார். மாடிக்குப் பத்துப் பேரைப் பொறுக்கிப் பழக்கினார். மாதா மாதம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி. ஒத்திகை என்று திடீரென மணியடிப்பார். அது எப்போதும் சாரங்கபாணி ஏதாவது மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அடிக்கும். பொம்மையை அவர் காலடியில் கிடத்தி, "முதல்ல சார் செய்யட்டும்" என்பார். அத்தனை பேர் பார்க்க அவர் முட்டி போட்டு நெஞ்சை அழுத்த வேண்டும்.

"கை மடங்குது சார். நேரா வெச்சு அழுத்துங்க. இன்னும் ஆழமா. இப்படி அழுத்தினா எந்த மனுஷனும் பொழைக்க மாட்டான்."

வியர்த்து ஊற்றும் அவருக்கு. ஒருமுறை அண்ணிக்குச் சாப்பாடு கொடுக்கப் போன நான் அதைப் பார்த்தேன். பார்த்து எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பொம்மைக்கு மாட்டியிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. அண்ணனுக்குப் பிறந்தநாளுக்கு நான் ஜெனரல் பஜாரில் எடுத்துக்கொடுத்தது.

"என்ன அண்ணி இது?" என்று கேட்டேன்.

"அவருக்கும் தெரியும். இந்தச் சட்டைல உங்க அண்ணனை எத்தனை நாள் பாத்திருப்பாரு," என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஒவ்வொரு பயிற்சியிலும் அதே கதையைச் சொல்வார். இதே ஆபீசில் ஒருவர் பேடு பாக்கெட்டைக் கிழித்துப் பொட்டு வைத்தார், அதனால் ஒருவர் செத்தார் என்பார். பெயர் சொல்ல மாட்டார். சொல்லி முடித்துவிட்டு, நிர்வாகப் பொறுப்பாளர் என்பதால் முன்வரிசையில் உட்கார வேண்டியிருந்த சாரங்கபாணியைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்றீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்பார். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அல்லது ஃபோன் வந்த மாதிரி எழுந்து போவார். அடுத்த ஆயுத பூஜைக்குத் தட்டோடு பெட்டிப் பக்கம் வந்தவரை அண்ணி வழிமறித்து, "இதுக்கு மட்டும் வேணாம் சார். போன தடவை வெச்சதே போதும்," என்றார். மனுஷர் தட்டோடு திரும்பிப் போனார். ஆனால் செய்ததை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

2009 ஆயுத பூஜைக்கு வீட்டு மனிதர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றி, ஓங்கி உடைக்கக் கையைத் தூக்கினார் சாரங்கபாணி. காய் ஒரு பக்கம் உருண்டது, அவர் ஒரு பக்கம் சரிந்தார். அவர் மனைவி ஹம்ஸினி அலறினாள். கூட்டம் மொத்தமும் திரும்பி அண்ணியைப் பார்த்தது.

நான் அண்ணி கையைப் பிடித்தேன். "நக்கோ அண்ணி, வேணாம். கெடக்கட்டும் விடுங்க." ஆமாம், சொன்னேன். என் அண்ணன் கிடந்த மாதிரி அவனும் கிடக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அண்ணி என் கையை உதறிவிட்டுப் போனார். ஒருத்தனைப் பெட்டி எடுக்க விரட்டினார், இன்னொருத்தியை 108க்குப் பேசச் சொன்னார். சட்டையைக் கிழித்து, வியர்வையை முந்தானையால் துடைத்து, அழுத்த ஆரம்பித்தார். பெட்டி வந்தது. பாக்கெட்டைக் கிழித்துப் பேடை ஒட்டினார். வலது தோள் எலும்புக்குக் கீழே ஒன்று, இடது விலாவில் ஒன்று. பளிச்சென்று ஒட்டிக்கொண்டன. எல்லாரையும் விலகச் சொல்லிப் பொத்தானை அமுக்கினார். உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தினார். உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சுலோகம் சொல்கிறார் என்று கூட்டத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்தில் மண்டியிட்டிருந்த எனக்குத்தான் காதில் விழுந்தது.

"செத்துடாத. சொல்லாம செத்துடாத."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருக்கு மூச்சு வந்துவிட்டது.

கம்பெனி அண்ணிக்குச் சால்வை போர்த்தியது. பேப்பரில் படம் வந்தது. ஒரு மாதம் கழித்து சாரங்கபாணி மனைவியோடு சைனிக்புரிக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தட்டில் பழம், வெற்றிலை, பட்டுப்புடவை. ஹம்ஸினி அண்ணி காலில் விழப் போனாள். அண்ணி தடுத்து நிறுத்தினார்.

"புடவை வேணாம்மா. உங்க வீட்டுக்காரர் எனக்கு ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. அதைச் சொன்னா போதும்."

"என்ன சொல்லணும்? என்னங்க, என்ன பண்ணீங்க?" என்று ஹம்ஸினி அவர் பக்கம் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாதியிலேயே ஹம்ஸினி புடவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்க இல்ல சார். அங்க, ஆபீஸ்ல வந்து சொல்லுங்க. உங்களை எழுப்பினதே அதுக்குத்தான்," என்றார்.

வந்தார். ஹம்ஸினிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அண்ணியோடு நானும் போயிருந்தேன். பயிற்சி அறை நிறையப் புதுப் பிள்ளைகள். பொம்மை என் அண்ணன் சட்டையோடு தரையில் கிடந்தது. அண்ணி வழக்கம்போலக் கதையைச் சொல்லி முடித்து, வழக்கம்போலக் கேட்டார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா சார்?"

சாரங்கபாணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பாக்கெட்டைக் கிழிச்சது நான்தான். அதை மறைச்சவனும் நான்தான். தேவராஜ் விதியால சாகலை," என்றார். பின்னால் நின்றிருந்த சூசைராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன். அண்ணன் செத்த அன்று அழுததைவிட அதிகம் அழுதேன். அண்ணி அப்போதும் அழவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு சாரங்கபாணி மெல்ல அண்ணி பக்கம் வந்தார். "போதுமாம்மா?"

அண்ணி குனிந்து பொம்மையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அடுத்த மாசம் புது பேட்ச் வருது சார். அதுக்கடுத்த மாசமும் வரும். டாக்டர் குடுத்த மாத்திரையெல்லாம் தவறாம போட்டுக்குங்க."