பழையவர் எழுதி வைத்த வரி

அலுவலகத்தில் அவருக்கு 'இன்னொருதடவை அக்கா' என்று பெயர். எந்த வேலையை முடித்தாலும், "இன்னொரு தடவை பாத்துரலாமா?" என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழமாட்டார். பதினான்கு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கியவர். நாற்பத்தொரு வயதில், வீட்டுக்காரர் அடுப்படியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, எட்டு மாதம் கணினி படித்து இந்த வேலைக்கு வந்தார்.

பன்னிரண்டு மருத்துவமனைகளில் எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று காட்டும் இணையதளம் அவர் பொறுப்பு. அதற்கு வேண்டிய சர்வர்கள் எங்கோ தொலைவில், இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடில் இருந்தன. எத்தனை சர்வர், எது எதோடு பேச வேண்டும், யாருக்குக் கதவு திறக்க வேண்டும் என்று கோப்பில் எழுதிக் கட்டளை கொடுத்தால், அதற்கென்று இருந்த மென்பொருள் கருவி அதைப் படித்து அப்படியே கட்டிக் கொடுத்துவிடும். இடிக்கச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் இடித்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சோதனைக்காகக் கட்டியிருந்த நகலை இடிக்க உட்கார்ந்தார். திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்புச் சன்னல்கள். ஒன்று நகல், மற்றது நிஜம். "முப்பத்தொன்று அழியும், சம்மதமா?" என்றது கருவி. நகலுக்கு இந்த எண்ணிக்கை கூடுதலாக இருக்கிறதே என்று மனம் உறுத்துவதற்குள் விரல் முந்திக்கொண்டது.

அடுத்த நிமிடமே தொலைபேசிகள் அலறின. குழுத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"தளம் நின்னுடுச்சே, என்ன ஆச்சு?"

"நான்தான் சார். நகல்னு நெனச்சு நிஜத்தை அழிச்சுட்டேன்."

தலைவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "சரி. போனையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

தலைவர் ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிட்டு, இருப்பைக் கேட்டு வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

திரையின் கடைசியில் ஒரு சிவப்பு வரி நின்றது: தரவுத்தளத்தை அழிக்க இயலவில்லை; பாதுகாப்பு போடப்பட்டிருக்கிறது. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல், ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்தது முழுவதும் அதில்தான் இருந்தது. அக்கா கோப்பைத் திறந்தார். அந்தப் பாதுகாப்பு வரிக்கு மேலே ஒரு குறிப்பு: "இதை எடுக்கத் தோன்றினால், முதலில் ஒரு டீ குடித்துவிட்டு வரவும்." அவருக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் எழுதியது.

மற்றதெல்லாம் கோப்பில் இருந்தபடியே திரும்ப எழுந்தது. இருபத்தாறு நிமிடம். கடைசி சர்வர் பச்சையானபோது தலைவர் பலகையை அழிக்காமல் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

மதியம் அக்கா அந்தப் பழையவரைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். மனைவிக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டவர். அக்காவோடு இரண்டே வாரம்தான் சேர்ந்து வேலை பார்த்திருந்தார்.

"அந்த வரி நானா எழுதினேன்? ஞாபகமே இல்லையேம்மா," என்றார். பிறகு சிரித்தார். "ஓ, ஆமா. முதல் வருஷம் நானும் உங்களை மாதிரிதான் கையை வெச்சேன். அப்ப எதுவும் தடுக்கல. ரெண்டு நாள், ஏழு பேர் உக்காந்து காகிதத்தைப் பாத்துப் பட்டியலை மறுபடி அடிச்சோம். அதுக்கப்புறம் போட்டது."

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார்..."

"விடுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. இவளுக்கும் பேச ஆள் வேணும்."

போவதாக வாக்குக் கொடுத்தார். கிளம்புவதற்கு முன், நிஜத்தைத் தொடும் எந்தக் கட்டளைக்கும் இரண்டாவது ஆளின் ஒப்புதல் வேண்டும் என்று கோப்பில் மாற்றினார். காரணம் என்ற இடத்தில் நடந்ததை ஒளிக்காமல், தன் பெயரைப் போட்டே எழுதினார். அந்த மாற்றத்துக்கே வேண்டியிருந்த முதல் ஒப்புதலைத் தலைவரே கொடுத்தார்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "ரொம்பத் திட்டிட்டாங்களா?"

"இல்லீங்க. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.