பரவையில் ரோகிணி வாசித்த போஸ்டர்

மதுரைக்காரர்களுக்குப் போஸ்டர் ஒட்டாமல் சோறு இறங்காது. காது குத்தினால் போஸ்டர், புது வீடு குடிபுகுந்தால் போஸ்டர். ஆள் செத்தால், வெளியூர்ச் சொந்தம் வந்து சேர்வதற்கு முன்னால் போஸ்டர் வந்துவிடும். இப்பேர்ப்பட்ட ஊரில் தேர்தல் பறக்கும் படை வேலை என்றால் சும்மாவா? திருநகர் ரோகிணி மூன்று தேர்தலாக அதைத்தான் பார்க்கிறார். மற்ற நாளில் வேளாண்மை அலுவலகத்தில் விதைக்கும் உரத்துக்கும் மனு வாங்குகிற உதவியாளர். தேர்தல் அறிவித்துவிட்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் போஸ்டரையும் பார்த்த மாத்திரத்தில் கிழிக்க மாட்டார். மேலிருந்து அடி வரைக்கும் வாய்விட்டு வாசிப்பார். தேர்தல் விளம்பரம் என்றால் அச்சடித்தவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். கூட வரும் காவலர் சிவக்குமார், "மேடம், பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்று கேலி செய்வார். "என்ன ஏதுன்னு தெரியாம எடுத்துட்டு, நாளைக்கு எவனாவது கேட்டா என்னத்தச் சொல்ல?" என்பார் ரோகிணி.

போன தேர்தலில், அனுமதி வாங்காத பிரச்சாரப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்த ஓர் ஆட்டோவை மறித்தார். ஓட்டி வந்தது சொந்தக் கொழுந்தன். "அண்ணி, நம்ம வண்டிதான்" என்று பல்லைக் காட்டினான். "அதான் ஓரமா நிப்பாட்டச் சொல்றேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். ரெண்டு மாதம் வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனுஷி அசைந்தால்தானே!

அப்படிப்பட்டவரே இந்தத் தேர்தலில், மதுரையை ஒட்டிய பரவையில் ஒரு சுவர் முன்னால் திகைத்து நின்றுவிட்டார்.

அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மூன்று நாளைக்கு முன் இறந்துபோன நல்லகாமன் என்ற விவசாயியின் படம் கீழே இருந்தது. மேலே அதைவிட ரெண்டு மடங்கு பெரிதாக, கைகூப்பிக்கொண்டு வேட்பாளர்; பக்கத்தில் சின்னம். அச்சகத்தின் பெயர் இல்லை. வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'துயரத்தில் வாடும் குடும்பத்தார்' என்று மட்டும் போட்டிருந்தது. மார்க்கெட்டிலிருந்து ஊர் எல்லை வரைக்கும் இதே போஸ்டர்தான்.

சட்டப்படி எடுத்தாக வேண்டும். ஆனால் செத்தவர் போஸ்டரில் கை வைத்தால் இந்தப் பக்கம் சும்மா விடுவார்களா? போன வாரம்தான் வேறொரு படை இப்படி ஒன்றைக் கிழிக்கப்போய், உறவுக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கிழித்த அலுவலர் சஸ்பெண்ட் ஆகி வீட்டில் இருக்கிறார். ரோகிணிக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அதைவிட, பதினாறாம் நாள் காரியம் கூட முடியாத வீட்டின் மனதை நோகடிப்பதா என்பதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

அதற்குள் கட்சியின் கிளைச் செயலாளர் அழகுராஜா பத்துப் பதினைந்து பேரோடு வந்துவிட்டார்.

"மேடம், இது குடும்பம் போட்டது. எழவு வீட்டுப் போஸ்டரத் தொட்டீங்க, அப்புறம் நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல, ஆமா."

"நான் தொடலண்ணே. குடும்பம் போட்டதுன்னா ஒரு கையெழுத்து வாங்கிக்கிறேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

எழவு வீட்டுக்கு மாலையோடு முதலில் போய் நின்றவர் அழகுராஜாதான். அந்தத் தைரியத்தில் அவரே முன்னால் நடந்தார்.

நல்லகாமனின் மனைவி மாயக்காள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரோகிணி செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்காங்க. உங்க பேரச் சொல்லித்தான் ஒட்டியிருக்காங்க. உங்களைக் கேட்டாங்களா?"

"அழகுராசா தம்பி வந்து போட்டா கேட்டுச்சு, குடுத்தேன். மத்தது எனக்கென்ன தெரியும்? எழுத்து வாசிக்கத் தெரியாதுத்தா."

"நான் வாசிக்கிறேன். சம்மதம்னா கைநாட்டு வைங்க, நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"அதெல்லாம் எதுக்கு மேடம் இப்ப?" என்று அழகுராஜா குறுக்கே விழுந்தார். ரோகிணி திரும்பியே பார்க்கவில்லை. செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, வழக்கம்போல உச்சியிலிருந்து தொடங்கினார். வேட்பாளரின் பட்டம், பெயர், சின்னம் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே வந்தார்.

"'எங்கள் குடும்பத் தலைவர் நல்லகாமன் அவர்கள் கண்மூடும் முன் சொன்ன கடைசி ஆசை, அண்ணனை வெற்றி பெறச் செய்யுங்கள் என்பதே. அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வாக்களிப்பீர்.'"

மாயக்காள் அழகுராஜாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா நான்தானய்யா பக்கத்துல இருந்தேன். ஒரு வாய் தண்ணி கேட்டாரு. செம்ப எடுத்துட்டு வாரதுக்குள்ள போயிட்டாரு. அந்த மனுசன் எப்பய்யா ஒனக்கு ஓட்டுக் கேட்டாரு?"

அழகுராஜாவோடு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். ரோகிணிக்குக் கண் கலங்கிவிட்டது; முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துரவாம்மா?"

"எடுத்துரு தாயி. அவரு மூஞ்சிய மட்டும் கிழிச்சுராத."

யாரையாவது கூலிக்கு ஏவிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ரோகிணி வாளியில் தண்ணீரும் பழைய துணியும் வாங்கிக்கொண்டார். பங்குனி வெயிலில் சிவக்குமாரோடு சுவர் சுவராகப் போய் ஊறவைத்தார். ஓரத்திலிருந்து பைய உரித்து, முப்பத்தேழு போஸ்டரையும் முழுசாக எடுத்தார். நல்லகாமன் முகத்தில் ஒரு கீறல் இல்லை! அழகுராஜா மேலும், தெரியாத அச்சகத்தின் மேலும் புகார் எழுதி, அத்தாட்சிக்கு வேண்டியதைக் கட்டி முத்திரை வைத்தார். ஒன்றை மட்டும் உலர்த்தி மாயக்காளிடம் கொண்டுபோனார். "அம்மா, படம் உங்க வீட்டுது. மேல இருக்கத மட்டும் வெட்டிட்டுத் தாரேன், கத்தரி இருக்கா?"

மாயக்காள் கத்தரி தேடவில்லை. போஸ்டரை வாங்கி மடியில் விரித்துப் புருஷன் முகத்தைத் தடவினார். பிறகு அவர் படத்துக்கு மேலே, எழுத்து முடிகிற இடத்தில் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்து, வேட்பாளர் இருந்த மேல்பகுதியைப் பதமாகக் கிழித்து ரோகிணி கையில் வைத்தார்.

"இந்தா, இவர நீயே கொண்டு போத்தா. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."