குழந்தை என்று எழுதாதீர்கள்

டக். டக். டக். மனு கொடுக்கும் தொழிலில் முதலில் வருவது இந்தச் சத்தம்தான். வரிசை மாடிப்படியில் வளைந்து நிற்பதால் ஆபீஸும் தெரியாது, ஆபீசரும் தெரியமாட்டார். மேலே எங்கேயோ முத்திரை குத்துகிற சத்தம் மட்டும் இறங்கி வரும். அது நின்றுவிட்டால் டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

தொழில் என்றா சொன்னேன்? சம்பளம் வாங்குகிற தொழில், எர்ணாவூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ராத்திரிக் காவல். மனு கொடுப்பது பகலில். தூக்கம் நடுவில், கிடைத்தால். என் மகன் பாபுவுக்கு இருபத்தாறு வயது, அறிவுசார் குறைபாடு. திருவொற்றியூரில் இவனைப் போன்றவர்களுக்கு ஒரு பகல் மையம். அங்கே காகிதப் பை ஒட்டுவான், பாட்டுக்கு ஆடுவான், சண்டை போடுவான், சாயங்காலம் அலுத்துத் திரும்புவான். அவன் அங்கே இருக்கிற நேரத்தில்தான் நான் தூங்குவேன். என் மனைவி செல்வி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த மையத்துக்குப் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும்தான் சர்க்கார் மானியம். பதினெட்டாவது பிறந்தநாளில் கேக்கோடு சேர்த்துக் குறைபாட்டையும் வெட்டிவிடலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. பெரியவர்கள் பிரிவு நன்கொடையில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுபோக, பிரிவை மூடப்போகிறோம் என்றார்கள். மூடினால் என்ன? கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும். மையம் வருவதற்கு முன்னால் நாங்கள் அப்படித்தான் போனோம். பெற்றோர்களுக்கான இந்த இதழைப் படிக்கிற உங்களில் பலரும் அப்படிப் போயிருப்பீர்கள். இடுப்பில் அந்தச் சாவி குத்துகிற குத்து உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதனால் பெற்றோர்கள் கூடி, வயது வரம்பை எடுத்துவிட்டு மானியம் கொடு என்று கேட்கக் கிளம்பினோம். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவன்தான். ஆனால் காவல் கூண்டில் உட்கார்ந்து அரசாணைகளாகப் படித்ததில் அந்தப் பாஷை என்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது, சொறி மாதிரி.

பழைய சர்டிபிகேட்

முதல் ஆபீஸுக்கு என்னோடு வந்தவர் மும்தாஜ் அக்கா. தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். மகள் நஸ்ரினுக்கு முப்பத்தொரு வயது. பாபுவோடு அதே மையத்துக்குப் போகிறவள். கிளார்க் நஸ்ரினுடைய சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கள்ளநோட்டா என்று பார்ப்பதுபோல.

"ரொம்பப் பழசும்மா இது. இப்போ சரியாகியிருக்கலாம் இல்ல? புதுசு எடுத்துட்டு வாங்க" என்றார். எனக்கு உச்சந்தலை சுட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சரியாப் போயிருந்தா இங்க இன்னாத்துக்கு சார் வரேன், மாப்ள பாக்கப் போயிருக்க மாட்டேன்?"

பிரியாணி

ஆபீஸெல்லாம் வேலைக்கு ஆகாது, அரசியல்வாதியைப் பிடிப்போம் என்று வட்டத்துப் பிரமுகர் ஒருவரிடம் போனோம். மனுவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் கட்சித் தலைவருடைய பிறந்தநாள் அன்று மையத்துக்கே வந்துவிட்டார், ஒரு அண்டா பிரியாணியோடு. மானியத்தைப் பற்றி நான் வாயெடுத்தபோதெல்லாம், "மொதல்ல துன்னு நைனா" என்று ஒரு லெக் பீஸைத் தட்டில் வைத்தார்.

போட்டோ எடுக்க வரிசை கட்டினார்கள். பாபு புதுச்சட்டை போட்டு, தலை வாரி, முன்னால் போய் நின்றான். அவனுக்குப் போட்டோ என்றால் உயிர். கேமராக்காரன் பிரமுகர் காதில் ஏதோ முணுமுணுத்தான். அவர் பாபுவைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, என்னைப் பார்த்து, அவனுக்கு நான்தான் அப்பன் என்று தெரிந்தே சொன்னார்: "கோச்சிக்காத நைனா, மூஞ்சப் பாத்தாலே தெரியறாப்புல யாரையாவது நிக்க வெய்யி, இவன் நார்மலா கீறான்."

முப்பத்தொன்று

கடைசியில் பதில் வந்தது. எங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம், நேரில் போகவேண்டுமாம். நானும் அக்காவும் போய் இறங்கினால், சுவரெல்லாம் அணிலும் ஆடும் படம் போட்டிருக்கிறது. ஓரத்தில் எடை பார்க்கும் தூளி தொங்குகிறது. அங்கன்வாடிகளைப் பார்க்கிற ஆபீஸ்.

தப்பு எங்களுடையதுதான். எங்கள் கூட்டத்தில் யாரும் மகன், மகள் என்று பேசுவதில்லை. நரை விழுந்தவனும் குழந்தைதான். 'எங்கள் குழந்தைகளுக்கு' என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். வயதைத் தனித்தாளில் இணைத்திருந்தேன், அதை யாரும் புரட்டவில்லை. குழந்தை என்கிற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அங்கே இருந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி. எங்களைக் குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்து, பேனாவைத் திறந்துகொண்டு, "குழந்தைக்கு எத்தனை?" என்று கேட்டார். அக்கா, "முப்பத்தொண்ணு" என்றார். அந்த அம்மா எழுதப்போய், பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "மாசமா, வருஷமாங்க?"

டீக்கடையில் டில்லி

காலையில் டூட்டி முடிந்து யார்டு வாசலில் டீ குடிக்கும்போது இதை டில்லியிடம் சொன்னேன். டில்லி டிரெய்லர் ஓட்டுகிறவன், என் தோஸ்து. துறைமுகத்திலிருந்து வந்து, யாரும் எடுக்க வராமல் வருஷக்கணக்காகத் துருப்பிடிக்கிற பெட்டிகள் எங்கள் யார்டில் உண்டு. அவற்றுக்கும் சேர்த்துத்தான் என் காவல்.

மற்றவர்கள் எல்லோரும் "எதுனா ஹோம்ல வுட்டுட வேண்டியதுதானே" என்பார்கள். டில்லி அப்படிச் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தான். துருப்பெட்டிகள் பக்கம் கையை நீட்டினான். "கேக்க நாதியில்லாத பொட்டிக்கே உன்ன மாதிரி ஒரு ஆள காவலுக்குப் போடறானுங்க மாமு, அப்பன் ஆத்தா கீற புள்ளைக்குப் போடறதுக்கு இன்னாடா பேஜாரு இவனுங்களுக்கு?"

மேஜர்

மறுபடி எழுதினோம். குழந்தை என்கிற வார்த்தையையே எடுத்துவிட்டு, 'பதினெட்டு வயது நிறைவடைந்த நபர்கள்' என்று போட்டேன். பேச்சிலும் வாய்தவறக் கூடாது என்று அக்கா எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். இந்த முறை பெரிய அதிகாரியிடமே போய்ச் சேர்ந்தது. அவர் கவனமாகப் படித்தார். "பதினெட்டு முடிஞ்சா மேஜர். மேஜர்னா மனுவுல அவங்கதானே கையெழுத்துப் போடணும்? நீங்க யாரு?" என்றார்.

நான் யார் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் இருந்த வார்த்தைகள் மனுவில் எழுதக்கூடியவை இல்லை. அடுத்த வாரம் வேன் பிடித்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனோம். மை டப்பாவைக் கண்டதும் பாபுவுக்குக் குஷி. மனுவில் கைநாட்டு வைத்தான், மேஜைக் கண்ணாடியில் வைத்தான், காலண்டரில் வைத்தான், ஓரத்தில் அடுக்கியிருந்த காகிதக் கட்டின் மேலும் வைத்தான். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். உதவியாளர்தான் பதறிப்போய் ஓடிவந்தார்: "சார், அந்த ஃபைல்லயும் வெச்சுட்டான் சார், அது வேற டிபார்ட்மென்ட்டு."

தீர்வு

மானியம் வரவில்லை. கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். இன்னும் மேலேயேதான் இருக்கிறது. பெரியவர்கள் பிரிவை மூடிவிட்டார்கள். நஸ்ரின் இட்லிக் கடையில் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். பாபு முதல் வாரம் முழுக்கப் பையை மாட்டிக்கொண்டு வேனுக்காக வாசலில் நின்றான், இப்போது நிற்பதில்லை. பூட்டுவதில்லை என்று நானும் செல்வியும் முடிவு செய்திருக்கிறோம், அதனால் நான் தூங்குவதில்லை.

போன வாரம் காலையில் அவனுக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. போன் வந்தது. ஒரு பெண்குரல், மனுதாரரா என்று கேட்டது. "உங்க மனு மேல நடவடிக்கை முடிஞ்சு தீர்வு காணப்பட்டிருக்கு சார். உங்களுக்குத் திருப்தியா?" மையத்தைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்ததும் பாபு தலையைத் திருப்பினான். பிளேடைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பாவம், அவளும் யாரிடமோ சம்பளத்துக்கு இருக்கிறவள். "அது தெரியல சார். மனுதான் முடிஞ்சிருக்கு, கோரிக்கை இல்ல."

சர்க்காரில் மனு முடிந்துவிடுகிறது, வீட்டில் தாடி வளர்ந்துகொண்டேயிருக்கிறது என்று நினைத்தபடி, காய்ந்துபோன சோப்பின் மேல் தண்ணீர் தொட்டு மறு கன்னத்தை ஆரம்பித்தேன்.