ஆரஞ்சுக்கு மேல் ஒரு கட்டன் சாயா

பழக்கடையில் ஆப்பிள் வாங்குகிறவர்கள் விலை கேட்பார்கள், வாழைப்பழம் வாங்குகிறவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஆரஞ்சு வாங்குகிறவர்கள் மட்டும் புளிக்குமா என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்ப்பார்கள். அதிலும் பிள்ளைத்தாய்ச்சி வந்தால் கூட வருகிற குடும்பமே கேட்கும். பழம் விற்றுப் பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கேரளத்து மலையில், பீர்மேட்டில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் கடை போட்டிருக்கிற நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

எடுத்ததும் வைத்ததும்

முத்துமாரி என்று ஒரு பெண், அவளுக்கு அது தலைப்பிரசவம். அவளும் மாமியார் பேச்சியம்மாளும் ஒரே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர்கள், அங்கேயே லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறவர்கள். சோதனையில் ரத்தம் குறைவு என்று சொல்லி, இங்குள்ள ஆஸ்பத்திரி நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். கூடவே கீரையும் ஆரஞ்சும் சாப்பிடச் சொல்லியிருந்தார். ரத்தம் ஏறாவிட்டால் பிரசவத்தை இங்கே பார்க்க முடியாது, மலை இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

இருவரும் நேராக என் கடைக்கு வந்தார்கள். மருமகள் ஒரு ஆரஞ்சை எடுத்துத் தராசில் வைப்பாள். மாமியார் அதை எடுத்துத் திரும்பக் கூடையில் வைப்பார். நடுவில் நான் எடைக்கல்லோடு நின்றேன். "நர்ஸே சொல்லியாச்சே மதினி, ஒண்ணும் ஆகாது" என்றேன். பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"லயத்துல அடிக்கிற குளிரு பத்தாதா? பிள்ளை பெறக்கும்போதே மூக்கு ஒழுகுச்சுன்னா நீயா வந்து தொடைப்பே, சரசு?"

தட்டில் இருந்தது

இன்னொரு நாள் முத்துமாரி தனியாக வந்தாள். பஸ்ஸில் வருகிறவர்களுக்காகக் காலையிலேயே நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தட்டில் வைத்திருந்த ஆரஞ்சுத் துண்டுகளைக் கேட்டாள். வாயில் எச்சில் ஊறுவது எனக்கே தெரிந்தது. நான் தரவில்லை. ஜீப் புழுதியும் ஈயும் பட்டது, வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆகாது என்று சொல்லி, முழுப் பழம் ஒன்றைக் கழுவித் தோலை உரித்துக் கையில் கொடுத்தேன். சுளையைத் தின்றுகொண்டே தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப பஸ்ஸுல வாறவுக வயிறு மட்டும் என்ன தகரத்துல செஞ்சதாக்கா?"

அதற்குப் பிறகு கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் நறுக்குகிறேன்.

நெஞ்செரிச்சல்

அடுத்த வாரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தாள். வேலைக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் இரண்டு பழம் தின்கிறாளாம். எரியாமல் என்ன செய்யும்? சாப்பிட்ட பிறகு ஒன்று தின்னு, தின்றதும் வாயைக் கொப்பளி என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"சாப்பிட்ட பெறகு திங்கலாந்தான், ஆனா அந்நேரம் அத்தை முழிச்சிருப்பாகளேக்கா."

குளிருக்கு மாற்று

ஒளித்துத் தின்றது ஒருநாள் பிடிபட்டது. சண்டைக்குப் பதில் மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். மதியம் தேயிலைக் காட்டில் சாப்பாடு, மாத்திரை, ஆரஞ்சு, அதன் குளிர்ச்சி முறிய உடனே சூடாக ஒரு டம்ளர் கட்டன் சாயா, அதாவது பால் விடாத தேயிலைத் தண்ணீர். அதைப் பிளாஸ்கில் அவரே சுமந்துபோனார். அடுத்த சோதனையில் ரத்தம் கொஞ்சமும் ஏறவில்லை. "உன் பழம் ஒண்ணத்துக்கும் ஆகலை" என்று என்னிடம் வந்து நின்றார். குரலில் கோபம் இருந்தது, கண்ணில் பயம்தான் இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வாழைப்பழம் வாங்க வந்த நர்ஸ் இதைக் கேட்டுவிட்டு நிதானமாக விசாரித்தார். சாயா, மாத்திரையின் சத்தை உடம்பில் சேர விடாது, முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கிட்டவே கொண்டுவராதீர்கள், ஆரஞ்சு அந்தச் சத்துக்குத் துணை என்று விளக்கினார். பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மூணு தலைமுறையா எங்களுக்குச் சோறு போடுத தேயிலை, என் பேரப்பிள்ளைக்கா கெடுதல் செய்யும்?"

தும்மல்

அப்படிக் கேட்டார்தான், ஆனால் மறுநாளே பிளாஸ்கில் வெறும் வெந்நீர் போனது. மருமகள் ஆசைப்படக் கூடாது என்று அந்நேரம் தானும் சாயாவைத் தொடவில்லையாம். அடுத்தடுத்த சோதனைகளில் ரத்தம் ஏறியது. பிரசவம் இங்கேயே ஆனது, ஆண் குழந்தை, தாயும் சுகம். செய்தி கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பேச்சியம்மாள் வந்தார். வாழ்த்துச் சொல்ல நான் வாயைத் திறக்குமுன் ஒரு விரலை நீட்டினார்.

"இன்னைக்கு ஒரு தும்மல் போட்டான் தெரியுமா, அன்னைக்கே சொன்னேன்லா? சரி சரி, அவ பால் குடுக்கா, அரைக் கிலோ ஆரஞ்சு போடு, புளிக்காததா பாத்துப் போடு!"

ஆக, முத்துமாரிக்குப் பிள்ளை கிடைத்தது, எனக்கு ஒரு மாமியார் கிடைத்தார்.